ஒத்தைக்கண் பாலம்

சாத்தூருக்குத் தெற்கே இரண்டாவது ரயில் பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய பாதைக்குக் கிழக்கே, அதை ஒட்டியே மண் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். அந்த நான்கு கிலோமீட்டருக்குப் பொறுப்பு இளநிலைப் பொறியாளர் சுகிர்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிக்கு விடுமுறை என்பதால், மாடத்தி அங்கே வந்தாள். பாதைக்கு மேற்கே அவளுக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் காடு இருந்தது.

"ஏம்மா, இங்கன பாலம் எந்த எடத்துல வருது?"

சுகிர்தா வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். "இங்க பாலம் இல்லக்கா. அடுத்தது அரைக் கிலோமீட்டர் தள்ளித்தான்."

"இருந்துச்சும்மா. ஒரே ஒரு வளைவு, ஒத்தைக்கண் பாலம்னு எங்க மாமனார் சொல்லுவாரு. வெயிலுக்கு ஆடுகளை அதுக்குள்ளதான் ஒதுக்குவாகளாம். மண்ணு மூடிருச்சு. ஐப்பசி வந்தா தண்ணி கரையில முட்டி என் காட்டுலயே நிக்கி. உளுந்து அழுகிப் போவுது. கரையை இன்னும் அகலமாக்கிட்டா அது எங்கிட்டுப் போகும்?"

பக்கத்தில் நின்ற மாரிசாமி, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், தலையை ஆட்டினார். "மேடம், ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. டிராயிங்குல இல்லாதத எங்க போயித் தேடுறது? வேலைதான் தாமதமாகும்."

அன்று மாலை சுகிர்தா தன்னிடமிருந்த பாலப் பட்டியலைப் பார்த்தாள். அறுபத்தொன்றுக்கு அடுத்து அறுபத்துமூன்று என்று இருந்தது. இத்தனை நாள் அது அவள் கண்ணில் படவில்லை. மறுநாளே மதுரைக்குப் போய் ஆவண அறையில் பழைய ஏட்டைக் கேட்டு வாங்கினாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பாதை போட்டவர்கள் கட்டிய பாலமெல்லாம் அதில் இருந்தன. அறுபத்திரண்டு: செங்கல் வளைவு, அகலம் ஆறடி. குறித்திருந்த தூரம் மாடத்தி சொன்ன இடத்துக்குச் சரியாக வந்தது.

ரயில் ஓடும் கரை என்பதால் இயந்திரம் வைக்காமல், நான்கு ஆட்களை மண்வெட்டியால் தோண்டச் சொன்னாள். ஐந்தடி ஆழத்தில் வளைவின் உச்சி தெரிந்தது. மாரிசாமி குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு செங்கல் பிசகல மேடம்" என்றார். அதன் பிறகு அவர் தாமதத்தைப் பற்றிப் பேசவில்லை.

மேலிடம் பேசியது. வேலை ஏன் ஆறு வாரம் தள்ளிப்போகிறது என்று விளக்கம் கேட்டார்கள். சுகிர்தா படங்களையும் பழைய ஏட்டின் நகலையும் அனுப்பினாள். புதுப் பாதைக்கு அடியிலும் பாலம் கட்ட அனுமதி கிடைத்தது.

பாலம் கட்டி முடிந்து, மண்ணை அள்ளி வாயைத் திறப்பதுதான் பாக்கி. ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது கிழக்கே நிலம் வைத்திருந்த அய்யாதுரை வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"பாலத்தைத் தொறந்தா தண்ணி எங்க காட்டுல வந்து விழும்மா. மக்காச்சோளம் முழங்கால் ஒசரம் நிக்குது."

"அது ஓடைதானங்கய்யா? ஊர் வரைபடத்துல இருக்கு."

"இல்லங்கல. நான் பாத்து முப்பது வருசமா ஒரு சொட்டு வரல. சும்மா கெடக்குதேன்னு உழுதுட்டேன்."

சுகிர்தா கிழக்கே திரும்பிப் பார்த்தாள். சட்டப்படி பேசினால் இரண்டே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் பயிர் அவள் கண்ணெதிரே நின்றது. மாடத்திக்கு ஆள் அனுப்பினாள்.

மாடத்தி வேலை முடிந்து, கையில் படிந்த பட்டாசு மருந்து போகக் கழுவிக்கொண்டு வந்தாள். கரைமேல் நின்று மக்காச்சோளத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப அறுப்பீக அண்ணே?"

"தையில."

"அப்பத் தை வரைக்கும் மூடியே கெடக்கட்டும்மா" என்றாள் சுகிர்தாவிடம். "நிக்கிற பயிர முக்கிட்டு என் காடு காஞ்சு எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல."

"இந்த வருசமும் ஒங்க உளுந்து போயிருமேக்கா."

"போவும்" என்றாள் மாடத்தி.

போகத்தான் செய்தது. கார்த்திகையில் அவள் காட்டில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. தை அறுப்பு முடிந்ததும் பாலத்தின் வாயைத் திறந்தார்கள். கண்மாய் வரைக்கும் ஓடையை வெட்ட அய்யாதுரை தன் டிராக்டரையே கொண்டுவந்தார். நாற்பது சென்ட் அவர் கையைவிட்டுப் போனது. அதில் வருத்தம் இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. மழை நாளில் பட்டாசுக் கம்பெனி இல்லை. மாடத்தி குடையோடு காட்டுக்கு ஓடினாள். செங்கலும் கருப்பு மண்ணும் கலந்த நிறத்தில் தண்ணீர் வளைவுக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் அய்யாதுரை தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஓடையில் சிக்கிய முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன் பக்கம் எம்புட்டு நிக்கி, மாடத்தி?"

"கரண்டைக்கால் அளவுதான் அண்ணே. மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிரும்."