ஜெக்கரியா வீட்டு ராசி

வீட்டுக்காரர் ஜெக்கரியா சொன்னதில் முக்கால்வாசி நியாயமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறது, கொஞ்சம் ஒதுங்க வைத்துக்கொடுங்கள் என்றார். வருகிற அன்பரசன் பேராவூரணிக்காரர், சென்னையில் பெரிய வேலை. வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு வாடகைக்கு விடுகிற எண்ணமாம். அவருக்குப் பிடித்துவிட்டால் தையல்நாயகி குடும்பமே தொடர்ந்து இருந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால், அடுத்து நிற்கிற ஆள் வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவார். திருவாரூரில் ஏற்கெனவே தெருவுக்கொரு மண்டபம் இருக்கிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தான் ஆள் பற்றவில்லை. தையல்நாயகி அதை வெளியே சொல்லவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மிச்சக் கால்வாசியைச் சொல்லத்தான் ஜெக்கரியா காலி டம்ளரை உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்பரசன் சம்சாரம் ரொம்ப ராசி பாக்குறவங்களாம். இங்க குடியிருந்தவங்களுக்கு என்னென்ன நல்லது நடந்துச்சுன்னு கேப்பாங்களாம். எங்களுக்கு ராசி கீசி எல்லாம் கிடையாது. ஆனா வாங்குறவங்களுக்கு இருக்குதே."

"அதுக்கு என்ன பண்ணணும்ங்குறீங்க?"

"குழலி அன்னைக்கு ஒரு நாள் மட்டும், சொந்தக்காரங்க வீடு எங்கயாவது..."

குழலி தையல்நாயகியின் ஒரே மகள். இதே வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். போன ஆடியில் ஒரு பெட்டியும் வீங்கிய கன்னமுமாக அவள் திரும்பி வந்தாள். வழக்கு நடக்கிறது. அதற்கு முன்னால் எட்டிப் பார்க்காத பெண்கள் எல்லாம் அன்றிலிருந்து கறிவேப்பிலை கேட்டு வர ஆரம்பித்தார்கள். தெருவே திடீரென்று சாம்பார் தாளிக்க ஆரம்பித்ததுபோல் இருந்தது.

ஜெக்கரியாவுக்கு வாசலைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த வாசலும் அவருடையதாகவே இருந்து தொலைத்தது. "பாத்துக்கறேன்" என்றாள் தையல்நாயகி.

சனிக்கிழமை முழுக்க வீடு அமளிப்பட்டது. ஓடாத கிரைண்டர், கால் ஒடிந்த நாற்காலி, அரிசி மூட்டை, டயர் இல்லாத சைக்கிள், கல்யாணச் சீர் வைத்த பெரிய அண்டா, கணவர் சேரன் கட்டிக்கட்டி வைத்திருந்த பழைய பேப்பர் எல்லாம் பின்னறைக்குப் போயின. கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் சேரன்; யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர். அன்று பேப்பருக்காக மட்டும் கொஞ்சம் முனகினார். கூடத்துச் சுவரில் ஈரம் கோத்து ஓதம் ஏறியிருந்தது. தையல்நாயகி அதன்மேல் முருகன் காலண்டரை மாட்டினாள். போதவில்லை. பக்கத்தில் பிள்ளையாரை மாட்டினாள். அதுவும் போதாமல் சிவனும் பார்வதியும் வந்தார்கள். குடும்பமாகச் சேர்ந்துதான் அந்த ஓதத்தை மறைக்க முடிந்தது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவித்துக்கொண்டிருக்க, குழலியே ஆரம்பித்தாள்.

"ஜெக்கரியா மாமா பேசுனது காதுல விழுந்துச்சும்மா. நான் சித்தி வீட்டுக்கெல்லாம் போக மாட்டேன். அவங்க என்னை உக்கார வச்சு ஊருக்கே கதை சொல்லுவாங்க. ஆகாத சாமானெல்லாம் அந்த ரூம்லதானே போடுற, என்னையும் போட்டுத் தாப்பா போட்டுடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தையல்நாயகியும் சிரித்தாள். மறுநாள் வாசலில் கார் வந்து நின்றதும் அப்படியே செய்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்பரசன் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சுவரைத் தட்டினார், குழாய்களைத் திறந்து மூடினார், மோட்டார் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டார். அவர் மனைவி எதையும் தட்டவில்லை. நேராகக் காலண்டர்களுக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"இங்க வந்த பிறகு உங்களுக்கு என்ன நல்லது நடந்துச்சுங்க?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுங்க. இந்த வாசல்லதான் பந்தல் போட்டோம். கோயம்புத்தூர்ல நல்லா இருக்கா."

கொஞ்சமும் கூசாமல் வந்தது வாயில். அந்தம்மாவின் முகம் மலர்ந்தது, ஜெக்கரியாவின் முகம் அதைவிட மலர்ந்தது. காபி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் ஒரு வாய் குடிப்பதற்குள் பின்னறையில் எதுவோ தடாலென்று விழுந்து கணகணவென்று உருண்டது.

எல்லோரும் மூடிய கதவைப் பார்த்தார்கள். யார் முன்னாலும் வாயைத் திறக்காத சேரன் அன்றைக்குப் பார்த்துத் திறந்தார்.

"பெருச்சாளிங்க."

"பெருச்சாளியா?" அன்பரசன் கையிலெடுத்த டம்ளரைக் கீழே வைத்தார். "அஸ்திவாரத்தையே தோண்டிருமே சார்."

"சேச்சே, இந்த வீட்டுல பெருச்சாளியே கிடையாதுங்க" என்றார் ஜெக்கரியா.

"குடியிருக்கிறவரே சொல்றாரே."

"பின்னாடி வயல் இருக்குல்ல, அறுப்பு முடிஞ்சா ஒண்ணு ரெண்டு ஏறி வரும். அவ்வளவுதான்" என்று சமாளித்தார் ஜெக்கரியா.

"ஒண்ணு வந்தா குட்டி போடாம போகுமா?"

மூன்று ஆண்களும் பெருச்சாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பொறி வைப்பதா, வளையில் சிமெண்டைக் கலக்கி ஊற்றுவதா என்று போயிற்று பேச்சு. ஊருக்கு ஒரு பாலம் கட்டுகிற தீவிரம். சேரன் தன்னால் ஆன உதவியாக இன்னொரு வார்த்தையும் சொன்னார். "மருந்து வச்சா போதும் சார். ரெண்டு நாள்ல தானா செத்துரும்."

தையல்நாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யாரைச் சொல்கிறார் என்பது உறைத்தது. சொன்னது வேறு யாராவது என்றால்கூடப் பொறுத்திருப்பாள். பெற்ற அப்பன் சொல்கிறான், பெற்றவள் பக்கத்தில் காலித் தட்டோடு நிற்கிறாள். தட்டை வைத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

குழலி அரிசி மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் சாக்குத் தூசி. காலடியில் அண்டா கிடந்தது.

"புழுக்கமா இருந்துச்சும்மா. ஃபேன் போடலாம்னு எழுந்தேன். தெரியாம தட்டிட்டேன்."

அவளுக்கே கேட்காத சின்னக் குரலில் சொன்னாள். அது இந்த வீட்டில் வளர்ந்த குரல் இல்லை. கோயம்புத்தூரில் பழக்கிவிட்ட குரல். அதைக் கேட்டதும் தையல்நாயகிக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல் இருந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்து வெளிச்சத்துக்குக் கூட்டி வந்தாள்.

"இதாங்க பெருச்சாளி. என் பொண்ணு. கோயம்புத்தூர்ல நல்லா இருக்கான்னு சொன்னது பொய்யிங்க. அங்க அடிச்சாங்க, வந்துட்டா. என்ன நல்லது நடந்துச்சுன்னு கேட்டீங்களே, அதான் நடந்துச்சு. உசுரோட திரும்பி வந்தா. வர்றதுக்குன்னு அவளுக்கு இந்த வீடு இருந்துச்சு. இதைவிடப் பெரிய ராசி வேணும்னா நீங்க வேற வீடுதான் பாக்கணும்."

அன்பரசன் குழாயைப் பார்த்தார். அவர் மனைவி குழலியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் சொன்னாலும் பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

காரை அனுப்பிவிட்டு ஜெக்கரியா உள்ளே வந்து உட்கார்ந்தார். சேரன் யார் முகத்தையும் பார்க்காமல் தூணோரம் நின்றார். தையல்நாயகி ஆறிப்போன காபியை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தலைத்தூசியை முந்தானையால் தட்டினாள்.

"நல்ல பார்ட்டிக்கா. இனி மண்டபம் கட்டுறவருக்குத்தான். உங்க கையை விட்டு வீடு போச்சே" என்றார் ஜெக்கரியா.

"வீடுதானே தம்பி போச்சு."