சுகிர்தா அம்மாவின் குரல்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அங்கே சும்மா பூட்டிக் கிடப்பதற்கு வீட்டிலாவது உதவட்டும் என்று, என் போனை ஹெலன் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். அந்தப் புத்தியை எனக்கு யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஹெலன் அக்கா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரர் பென்னியின் அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து ஹைஸ்கூல் போய்விட்டார்கள். ரவிக்கை தைத்துக்கொண்டு வீட்டோடு இருப்பவள். நான் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் வரும்வரை என் மகள் சுகிர்தா அவளிடம்தான் இருப்பாள்.

சுகிர்தாவுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. பேச்சு வரத் தாமதம். சோறு, தண்ணி, தூக்கு, இவ்வளவுதான் என்னிடம். முழுசாக ஒரு வாக்கியம் அவள் என்னிடம் பேசிக் கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிப்போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் அங்கன்வாடிக்கு ரம்யா என்ற பெண் வந்து, அம்மாக்களின் நம்பரையெல்லாம் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தாள். தினமும் காலையில் அவள் குரலில் ஒரு விளையாட்டு வரும். கீரை ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலை எது, தண்டு எது என்று கேளுங்கள், துணி மடிக்கும்போது யார் சட்டை என்று கேளுங்கள், இப்படி. பொம்மை வாங்க வேண்டாம், பேச்சு வராத பிள்ளைக்கு ரொம்ப நல்லது என்றாள். விளையாடியதை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும்.

நம்பர் கொடுத்தவள் நான். விளையாடியவள் ஹெலன் அக்கா.

ஒருநாள் வேலை முடிந்து வந்து போனைத் திறந்தால், சுகிர்தா கீரைக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பெரிம்மா, இந்தத் தண்டு மெத்துமெத்துனு கீது" என்கிறாள். என் பிள்ளை! எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்த அழுகை முடிவதற்குள் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. கீழே ஒரே இதயப் படங்கள். சுகிர்தா அம்மா சூப்பர், சுகிர்தா அம்மா எவ்வளவு பொறுமை என்று ஊரிலிருக்கிற அத்தனை அம்மாக்களும் எழுதியிருந்தார்கள். வீடியோவில் அக்காவின் கையும் குரலும்தான் வரும், முகம் வராது. அவளைத்தான் எல்லோரும் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் நானும் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவந்து உட்கார்ந்தேன். சுகிர்தா கொட்டாவி விட்டாள். இலை எது என்று கேட்டேன். "பெரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். முழுக் கட்டையும் நானே ஆய்ந்தேன். அன்றைக்கு அக்கா குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அதில் உப்பு சரியாக இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு போனை நானே எடுத்துப்போகத் தொடங்கினேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், அதற்கும் வழியில்லை. ரம்யாவின் குரல் கேட்டில் டோக்கனோடு கிடந்தது. திரும்பும்போது பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்டு, வீட்டுக்கு வந்து அப்படியே செய்வேன். சுகிர்தா அந்த நேரத்துக்குத் தூங்கி வழிவாள், இல்லையென்றால் அக்காவின் தையல் மெஷினுக்கு அடியில் துண்டுத் துணிகளைப் பிரித்துக்கொண்டு, "இது நீலம், இது ஜாக்கெட் கை" என்று பேசிக்கொண்டிருப்பாள். அக்காவுக்குப் போனே தேவைப்படவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அவள் பேச்சு நின்றுவிடும்.

ஒரு வாரம் கழித்து ரம்யா குரூப்பிலேயே பேசி அனுப்பினாள். சுகிர்தா அம்மாவின் வீடியோ வரவில்லையே, உங்கள் குரலைக் கேட்க எல்லோரும் காத்திருக்கிறோம் என்று. உங்கள் குரலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் இன்னா ஆச்சு என்று கேட்கும் அளவுக்கு என் முகம் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும், யார் சுகிர்தா அம்மா என்று காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். சர்ச்சிலிருந்து வந்ததும் அன்றைய விளையாட்டைக் கேட்டேன். இன்று பிள்ளை அம்மாவாக இருக்கட்டும், நீங்கள் பிள்ளையாக இருங்கள், அவ்வளவுதான். நல்ல விளையாட்டு. ஆனால் வீடியோ எடுக்க ஓர் ஆள் வேண்டும். பென்னி டூட்டிக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டு, போனை அவள் கையிலேயே கொடுத்தேன். "இப்டி புடிச்சிக்கினா போதுமா?" என்று கேட்டுக்கொண்டு அவள் கதவோரமாக நின்றாள்.

நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். என் கம்பெனித் தொப்பியைச் சுகிர்தாவின் தலையில் வைத்தேன். கண் வரைக்கும் இறங்கியது. "நீதான் அம்மா. நான் பாப்பா" என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, என் பையைத் தோளில் மாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, பசிக்குது" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கதவோரம் போய், அக்காவுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"போன நான் எடுத்துக்கினு போறேன். அவ இன்னா பண்றான்னு பாக்கறேன். எம் பொண்ணு எனுக்குத்தான்."

ஒரு திக்கல் இல்லை, ஒரு எழுத்து விழுங்கவில்லை. அன்றொரு நாள் படுக்கையில் நான் பென்னியிடம் குமுறியதுதான் அது. பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அவ. அந்த 'அவ'வை நான் சொல்வது போலவே, உதட்டைச் சுழித்துச் சொன்னாள்.

அக்கா போனைத் தாழ்த்தவில்லை.

"எவ்ளோ தெளிவா பேசறா பாத்தியா, சோனியா" என்றாள்.

நான் ஏங்கிக் கிடந்த முழுப் பேச்சு வந்துவிட்டது, அதுவும் என் குரலில். ஆனால் அவள் அதைச் சொன்னது என்னிடம் இல்லை. சொல்லி முடித்ததும் தொப்பியை மேலே தூக்கிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள்.