வேம்பையன் வாங்கிய கடிகள்

கொசு ஒருவரைக் கடிக்கும், அரிப்பு இன்னொருவருக்குப் போகும். யாருடைய கடி யாருக்கு அரிக்கிறது என்ற விவரம் சுகாதார ஆய்வாளர் அலுவலகத்தில் கிடைக்கும். கும்பகோணத்துப் பல் மருத்துவர் சௌதாமினி எழுதிக் கேட்டபோது ஒரே வரியில் பதில் வந்தது: வேம்பையன், பறவை எண்ணுபவர், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

அரிப்பு மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் அவள் இரண்டு கையிலும் கருவி இருக்கும்; நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடப்பார். சொறிய வழியில்லை. போன வாரம் கை துள்ளியதில் நல்ல பல் ஒன்றில் துளை விழுந்தது. அதன்பிறகு மாலையில் யாரும் வரவில்லை.

வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கால்சட்டை, நீளமான காலுறை, வலை தைத்த தொப்பி, ஆறு குப்பி கொசுவிரட்டித் தைலம். எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு பேருந்து பிடித்து, பிறகு படகு பிடித்துப் போனாள். வேம்பையன் முழங்கால் சேற்றில் அரை டவுசரோடு அசையாமல் நின்றிருந்தார். முதுகு முழுக்கக் கொசு. நானூற்றுப் பன்னிரண்டாவது பறவை உட்காரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பையைப் பிரித்துக் காட்டினாள். தைல வாசனைக்கு நாரைகள் வராது என்றார். சட்டை சரசரக்கும் என்றார். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நின்றால் படகுக்காரர்கள் சிரிப்பார்கள் என்றார். கொசு அடங்கிய பிறகு எண்ணக் கூடாதா என்று கேட்டாள். கொசு வரும் நேரத்தில்தான் பறவையும் வருகிறது என்றார். அவர் பேசப் பேச அவளுக்கு இடது தோளில் புதிதாக நான்கு இடம் அரித்தது. நான்கு கொசுவும் அவர் தோளில் உட்கார்ந்திருந்ததை அவளால் பார்க்க முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டரம்மா" என்றார் வேம்பையன்.

உண்மைதான். அவருக்கு அரிக்க வேண்டிய கடிகளை வாங்க வேண்டியவர் ஆலங்குளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையர் ஆறுமுகநயினார். அவர் பதினோரு வருடமாகக் கடி வாங்கியதே இல்லை. அரிப்பு என்றால் என்ன என்பது வேம்பையனுக்கு மறந்தே போயிருந்தது. நன்றிக்காகப் பொங்கலுக்குப் பொங்கல் ஆறுமுகநயினாருக்குக் கருவாடு அனுப்பிவருவதாக அவரே சொன்னார்.

சௌதாமினி பையைப் படகிலேயே எறிந்துவிட்டு மறுநாள் ஆலங்குளம் போனாள்.

ஆறுமுகநயினார் காய்கறி வாங்கிக்கொண்டு கொசுவலைக்குள்ளேயே நடந்து வந்தார். வலையின் நான்கு முனையும் ஒரு பெரிய குடையில் கட்டியிருந்தது. பேருந்திலும் அப்படியேதான் போவாராம். இரண்டு இருக்கைக்குச் சீட்டு எடுப்பாராம். அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரே ஒரு மாலை அவர் கடி வாங்கினால் போதும். அவருக்கு வலிக்கப் போவதில்லை. அரிப்பு என்னவென்று தெரிந்தால் வேம்பையனுக்குப் புத்தி வரும்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. முன்பின் பார்க்காத மனுசனுக்கு அரிக்கக் கூடாதே என்றுதான் இத்தனை வருடம் வலைக்குள் இருக்கிறேன், என்னிடம் வந்து இப்படிக் கேட்கலாமா என்றார். நல்லவர் ஒருவர், பிடிவாதக்காரர் ஒருவர், இருவருக்கும் நடுவில் சொறிந்துகொண்டு நிற்பது அவள் ஒருத்தி. சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைவரை நகக்கீறல்; பாதி காய்ந்தது, பாதி காயாதது.

அவர் வலைக்குள்ளிருந்தே குனிந்து கீறல்களைப் பார்த்தார்.

"ஒரு காலுதான் தருவேன்மா. அதுவும் இன்னைக்கு மட்டும்."

சாயங்காலம் குளத்தங்கரையில் உட்கார்ந்து வலது காலை வலைக்கு வெளியே நீட்டினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் கொசு உட்கார்ந்ததும் "மன்னிச்சிரும்யா" என்று வடக்கே பார்த்து மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் ஆறு மணி அடித்தது. சௌதாமினிக்கு எங்கும் அரிக்கவில்லை. ஏழு மணிக்கும் இல்லை. அவள் படகில் விட்டுப்போன சட்டையிலிருந்து காலுறைவரை எல்லாவற்றையும் வேம்பையன் போட்டுக்கொண்டு நிற்பதாகப் படகுக்காரர் போனில் சொன்னார்.

பத்து நாளில் மாலை நோயாளிகள் திரும்பி வந்தார்கள். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து கிடந்தபோது வேம்பையனே கூப்பிட்டார். புதுச் சட்டைக்குப் பழகிய நாரைகள் நேற்றிலிருந்து தன்னை எண்ண ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். அவை இரண்டு தடவை எண்ணியும் மூன்று பேர் என்றே வருகிறதாம்.

"மத்த ரெண்டு பேருக்கும் சட்டை வேணும் டாக்டரம்மா."

மார்பளவு என்ன என்று கேட்டு, மருந்துச்சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.