ஆட்டுச் சந்தில் சாம்பல்

டிசம்பர் 12, செவ்வாய். மாலை ஆறு மணி.

முதலில் என் தவறு. ஞாயிறு மாலை சாம்பல் பலகையை எங்கள் கதவிலிருந்து கழற்றி ஒன்பதாம் எண் வீட்டுக் கதவில் மாட்டியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பரீட்சைக்கு வருடங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன் என்பது காரணம். சாக்கு என்றும் சொல்லலாம்.

ஆட்டுச் சந்தில், பலகை எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் முழுக்கக் காலையில், பனியில் யாரும் வழுக்காமலிருக்க, அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். எங்கள் சந்து சதுக்கத்திலிருந்து பாலத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. பனி உறைந்தால் பூனைகூடச் சுவரோரமாகத்தான் போகும்.

இந்த வருடம் நகராட்சியின் சுற்றுலாக் குழு வீட்டுக்கு வீடு கடிதம் போட்டிருக்கிறது. டிசம்பர் ஒன்று முதல் ஜனவரி ஆறு, மூவரசர் திருநாள் வரை சந்தில் சாம்பல் கூடாது. வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கும் இடம், வெள்ளையாகவே இருக்க வேண்டும். கடிதத்தின் கீழே ஷிமூனெக் ஐயாவின் கையெழுத்து. மாலை வகுப்பில் எங்களுக்குச் சுற்றுலா வழிகாட்டிப் பாடம் எடுப்பவர் அவர்தான். இன்று எனக்குப் பரீட்சை வைத்தவரும் அவர்தான். போன வாரம் பனியே இல்லாததால் கடிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சை என்பது, வந்திருக்கும் ஒரு குழுவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. போன வருடம் மணிக்கூண்டின் வருடத்தை மாற்றிச் சொல்லித் தோற்றேன். இரண்டே வாய்ப்புதான். இன்றும் தோற்றால் வழிகாட்டி உரிமம் கிடையாது, மருந்துக்கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தே என் காலம் போகும்.

காலை ஆறு மணிக்கு வாளியோடு கதவைத் திறந்தேன். நேற்றுப் பெய்த பனிமேல் தூறல் விழுந்து உறைந்திருந்தது. கடிதம் நினைவுக்கு வந்தது. வாளியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இதையும் எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததை மட்டும் எழுதினால் என்னைத் துணிச்சல்காரி என்று நானே நம்பிவிடக்கூடும்.

பத்து மணிக்குச் சதுக்கத்தில் குழு. ஒஸ்ட்ராவாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள், மனைவிகள், பதினான்கு பேர். மணிக்கூண்டு, கொள்ளைநோய்த் தூண், நகர மன்றம், எல்லா வருடமும் சரியாக வந்தன. பிஸ்ட்ரோன் என்று ஒரு பெரியவர் கேட்டார்:

"இத்தனை வருஷத்தையும் மண்டைல வெச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்கற?"

"தூங்கலை ஐயா," என்றேன். சிரித்தார்கள். ஷிமூனெக் ஐயாவும் மதிப்பீட்டுத் தாளில் ஏதோ நல்லதாக எழுதியது போலிருந்தது.

பத்தே முக்காலுக்குச் சந்தின் தலைப்பில் நின்றோம். இங்கே சொல்ல வேண்டிய வாக்கியத்தை வகுப்பில் எட்டு முறை எழுதியிருக்கிறேன்: "முந்நூறு குளிர்காலங்களாக இந்தச் சந்து இப்படியே வெண்மையாக இருக்கிறது."

அப்போது கீழேயிருந்து ஒன்பதாம் எண் வீட்டு ஹொலுபோவா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். கோட்டில், முழங்கால் பக்கம், ஈரம். விழுந்து எழுந்திருக்கிறார்.

"வெண்டுலா, பலகை உன் கதவுலதான தொங்குது? அழகுக்கு மாட்டி வெச்சிருக்கியா?"

"கடுதாசி வந்துச்சே அம்மா."

"எனக்குந்தான் வந்துச்சு. ஐஸுக்குத்தான் யாரும் கடுதாசி போடலை போல."

பிஸ்ட்ரோனின் மனைவி கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்தார். "ஏங்க, நான் இதுல இறங்க மாட்டேன். படம்தான் வேணும்னா நீங்க போய் விழுங்க, நான் எடுக்கறேன்."

ஷிமூனெக் ஐயா என் காதருகே வந்தார். "வாக்கியத்தைச் சொல்லும்மா. சொல்லிட்டு மெதுவா கூட்டிட்டுப் போ."

வாயைத் திறந்தேன். "முந்நூறு" என்பது மட்டும் வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது.

"முந்நூறு வருஷமா இங்க சாம்பல் போடறாங்க. இப்ப எங்க வீட்டு முறை. ரெண்டு நாளா நான் போடலை. ஒரு நிமிஷம் நில்லுங்க."

(முந்நூறுக்கு ஆதாரம் இல்லை. பலகையில் செதுக்கியிருக்கும் வருடப்படி நூற்றிருபதுதான் ஆகிறது. பதற்றத்தில் ஷிமூனெக் ஐயாவின் எண்ணையே சொல்லிவிட்டேன்.)

எங்கள் வீடு மேலிருந்து நான்காவது. சுவரைப் பிடித்து இறங்கி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி ஏறினேன்.

"வெண்டுலா, அதுல கை வெச்சா நான் தாளை மூடிடுவேன்," என்றார் ஷிமூனெக் ஐயா. "இது ரெண்டாவது தடவை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஐயா."

முதல் கரண்டியைப் போட்டேன். வெள்ளையில் சாம்பல் நிறம் அசிங்கமாகத்தான் இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது.

"என்னம்மா, கோழிக்குத் தீனி போடறியா? வீசிப் போடு," என்றார் பிஸ்ட்ரோன். "நாங்க கரியிலயே பொழைச்சவங்க. கோட்டுல பட்டா அழ மாட்டோம்."

வீசிப் போட்டேன். பாதிச் சந்து தாண்டியதும் வாளி காலியானது. உடனே ஹொலுபோவா அம்மா வீட்டிலிருந்து இன்னொரு வாளி வந்தது. பதினான்கு பேரும் இறங்கினார்கள், ஒருவரும் விழவில்லை. ஷிமூனெக் ஐயாவும் சாம்பலில் கால் வைத்துத்தான் இறங்கினார். வேறு இடம் இல்லை.

பாலத்தில் தாளை நீட்டினார். தேர்ச்சி இல்லை. காரணம்: நேரத்தைக் கடைப்பிடிக்கவில்லை. கீழே தேர்வர் கையெழுத்துக்குக் கோடு.

கடிகாரத்தைப் பார்த்தேன். பாலத்துக்கு வர வேண்டிய நேரம் பதினொன்று பத்து.

"பதினொண்ணு ஏழுதான் ஆகுது ஐயா."

"கையெழுத்துப் போடு."

"உண்மையான காரணத்தை எழுதுங்க, போடறேன்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"சாம்பல்னு எழுதணும்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அழப்போகிறவளின் குரல். கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டேன். பேனாவை வாங்கவில்லை. குழு நகரவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்க ஐயா," என்றார் பிஸ்ட்ரோன். "எழுத வரலைன்னா சொல்லுங்க, நானும் ஏழாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

ஷிமூனெக் ஐயா பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: "குழுவை இறக்கும் முன் தேர்வர் சந்தில் சாம்பல் தூவினார்."

"இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"மேல்முறையீடு."

"அதை விசாரிக்கற குழுவுல நானும் ஒருத்தன்."

"தெரியும். மத்தவங்க முன்னாடி நீங்களே இதப் படிச்சுக் காட்டுங்க."

கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் அவர் பக்கம் என்கிறார்கள். தோற்கலாம். நான் பிடிவாதக்காரி மட்டும்தானோ என்றும் மதியம் முழுக்க யோசித்தேன். முடிவு தெரியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன், உரிமம் கிடைத்தாலும் சொல்ல மாட்டேன். இது மட்டும் தெரிகிறது.

நாளை: எட்டு மணிக்கு மருந்துக்கடை. பத்து மணி இடைவேளையில் நகராட்சிக்குப் போய் மேல்முறையீட்டுப் படிவம் இரண்டு வாங்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் பார்த்து எழுத வேண்டும். கறுப்பு மை.