முன்னால் நடப்பவர்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து வந்தது. 1977இல் திரிங்காப் என்ற மலையூரின் முட்டைக்கோசு பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போயிருந்தபோது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி சொன்னார்: "ஒரு ஆளு பாதையில வரமாட்டேங்கிறான் சார். செடிக்குள்ள பூந்து கொழுந்தெல்லாம் முறிக்கிறான். முன்னாடி ஆர்மியில இருந்தவன்லா."

அந்த ஆள் ஆண்டியப்பன்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'நள்ளிரவில் ஆண்டியப்பன் அலறிக்கொண்டு எழுந்தான்.'

அடித்துவிட்டேன். நான் படித்த போர்க்கதைகளில் சிப்பாய்கள் அலறுகிறார்கள். இவர் மனைவி ரஞ்சிதம் சிரித்தார். "கொறட்டைதாண்ணே விடுறாரு. அத எழுதுங்க."

2

எல்லைக்காட்டில் ராணுவ ரோந்து. ஒற்றையடிப் பாதை. முன்னால் நடக்கும் முறை அன்று ஆண்டியப்பனுடையது. பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்தார். அவருக்குப் பதிலாக ராஜு முன்னால் போனான். கண்ணிவெடி

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். அவரும் இதற்குமேல் சொல்லவில்லை.)

3

இன்னொரு முறை செடியை மிதித்தால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டு என்றார் மானேஜர். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மறுநாளிலிருந்து, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுத் திடல் வரைக்கும் ரஞ்சிதம் பாதையில் முன்னால் நடந்தார். பத்தடி பின்னால், அந்தக் காலடித் தடங்களை மட்டும் மிதித்து ஆண்டியப்பன்.

"என்னடி ரஞ்சிதம், மாப்ள ஊர்வலமா? நாயனம் எங்கடி?"

"ஒம் புருசனத்தான் ஊதச் சொல்லிருக்கேன், வருவாரு!"

கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். ரஞ்சிதத்துக்கு அப்போது எட்டு மாதம். இதைக் காதல் என்று குறித்துக்கொண்டேன். ஒரு காலை நானும் பின்னால் நடந்தேன். ஆண்டியப்பன் பார்த்தது தடங்களை மட்டுமல்ல, மனைவியின் முதுகையும். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன சொல்றீங்க?"

"ராஜு, நில்லுடான்னு சொல்றேன் சார். ஒவ்வொரு அடிக்கும்."

காதல் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

4

முடிவு அ: அணைக்கட்டு ஓரம் ஒரு ஜோடிச் செருப்பு—

இல்லை. ஆண்டியப்பன் ஞாயிறுதோறும் பத்திரிகை படிப்பவர். இதையும் படிப்பார்.

முடிவு ஆ: பயம் தெளிந்து தனியே நடக்கிறார். இது அவருக்காக அல்ல, நான் நிம்மதியாகப் பேனாவை மூடுவதற்காக எழுதியது.

5

ரஞ்சிதம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். போய்ப் பார்த்தேன்.

"நாளைக்குப் பெரட்டுக்கு எப்படிப் போவாரு?" என்று கேட்டேன்.

"நீங்கதானே எழுதுறீங்க. யாராச்சும் ஒரு ஆள முன்னால போடுங்கண்ணே."

கங்காணியைப் போட்டுப் பார்த்தேன். என்னையே போட்டுப் பார்த்தேன். யாரைப் போட்டாலும் ஆண்டியப்பனின் உதடு அசைகிறது. யாரையும் போடாவிட்டால் செடிக்குள் இறங்கிவிடுவார். பிள்ளையோடு வரும் ரஞ்சிதத்துக்கு வீடு இருக்காது.

பெரட்டுக்கு மணியாகத் தண்டவாளத் துண்டை அடித்தாகிவிட்டது. மூடுபனி. லயத்து முனையில் ஆண்டியப்பன் நிற்கிறார். இருபுறமும் செடிகள்; எதிரே செம்மண் பாதை. அதில், படித்தபடியே இவ்வளவு தூரம் வந்திருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அவர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.