சிவப்புக்கு ஒரு சாட்சி

மோகா தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். குத்திய முத்திரைகளை வரிசையாக அடுக்கினால் பாரிஸ் போய்த் திரும்பலாம். சரி, பக்கத்து ஊர் ரோஸ் ஹில் வரைக்குமாவது போகலாம். இப்படிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் பிறவிக் குணம். ஊரில் எனக்கு ‘மாந்தேர்’ என்று பெயர். எங்கள் தீவின் க்ரெயோல் மொழியில் பொய்யன் என்று அர்த்தம். சின்னன் என்ற சொந்தப் பெயரை என் அம்மாவும் கோயில் ஐயரும்தான் சொன்னார்கள்.

இந்தக் குணத்தால் ஒருமுறை என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அது 1962-இல், புரட்டாசிக்கு முந்தைய வாரம். ருக்மணியைப் பெண் பார்க்கப் போயிருந்தேன்.

ருக்மணியின் அப்பா ஐயாசாமி தலைநகர் போர் லூயி நீதிமன்றத்தில் எழுத்தர். சாட்சி இல்லாமல் தன் பெயரைக்கூட நம்பாதவர். அவர் வீட்டுச் சுவரில் பிரான்சிலிருந்து வந்த ஒரு காலண்டர் தொங்கியது. அவர் புரட்டிக் காட்டிய அக்டோபர் பக்கத்தில் ஒரு காடு முழுவதும் சிவந்து நின்றது. வனிலா தேநீர் குடித்தபடி அவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அங்கெல்லாம் இலைகூட வேளை பார்த்து நிறம் மாறுகிறது, நம் தீவில் வருடம் முழுக்க ஒரே பச்சை என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நம் லெ பூஸ் மலையும் அப்படித்தான் சிவக்கும், தீப்பிடித்தது போல இருக்கும், துறைமுகத்துக் கப்பல்காரர்கள் பயந்து சங்கு ஊதுவார்கள் என்று அடித்துவிட்டேன்.

சங்கு பொய். சிவப்பு பொய்யில்லை. பத்து வயதில் விறகு வெட்டப் போன சித்தப்பாவோடு அந்த மலைக்குப் போனேன். உச்சிக்குக் கீழே மரங்கள் சிவந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். புரட்டாசி மாதம் என்பதும் நன்றாக நினைவிருந்தது. கருவாடு இல்லாத சோற்றைச் சித்தப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

ஐயாசாமி கோப்பையை வைத்தார். உள்ளே போய் ஒரு காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார்.

“மோகா ஆத்துல சுறா பிடிச்சேன்னு சொன்னவன் நீதானே?”

“சின்னச் சுறா, மாமா.”

“நான் இன்னும் உனக்கு மாமா ஆகல.”

பிறகு அவர் எழுதினார்: ‘ஒவ்வொரு புரட்டாசியிலும், பிரான்சில் போலவே, லெ பூஸ் உச்சியில் இலைகள் உதிர்வதற்கு முன் சிவக்கின்றன என்று சின்னன் ஆகிய நான் சொல்கிறேன்.’ கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவருக்கு முட்டிவலி, மலை ஏற முடியாது. அதனால் புகைப்படம் வேண்டும் என்றார். இந்த ஒரு பேச்சு உண்மையானால் பெண் எனக்கு. இல்லாவிட்டால் க்யூர்பிப்பில் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்த ராமசந்திரனுக்கு. அவன் வீட்டார் கார்த்திகை முதல் வெள்ளியன்று தட்டு மாற்ற வருவதாக இருந்தது.

வாசல்வரை வழியனுப்ப வந்த ருக்மணி குரலைத் தாழ்த்தினாள்.

“அது நிஜமா?”

“நிஜம்.”

“எவ்வளவு நிஜம்?”

“பாதி மலை.”

அவள் புருவத்தை உயர்த்தினாள். “உச்சியில ஒரு நாப்பது மரம்” என்றேன்.

“நாப்பது போதும், கொண்டுவாங்க. அந்த ராமசந்திரனைப் பாத்தாலே எனக்குக் கொட்டாவி வருது.”

புரட்டாசியின் முதல் ஞாயிறு தனியாக மலை ஏறினேன். மரங்கள் என் நினைவுக்குத் துரோகம் செய்யவில்லை. காட்டு நாவல் இனத்து மரங்கள், புவா தெ பொம் என்போம், உச்சிச் சரிவில் ரத்தச் சிவப்பாக நின்றன. இரவல் பெட்டிக் காமிராவில் பன்னிரண்டு படம் எடுத்து, கழுவி வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐயாசாமியிடம் நீட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சிவப்பு எங்கே?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கறுப்பு வெள்ளைப் படம்.

“இந்தச் சாம்பல் இருக்கே, அதுதான் சிவப்பு” என்றேன்.

நாற்பது வருட நீதிமன்ற வேலையில் இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை என்றார் அவர். கதவுக்குப் பின்னால் ருக்மணி சிரித்தது கேட்டது. சிரிப்பு சட்டென்று நின்றதும் கேட்டது. அதுதான் என்னைக் குத்தியது. கலரில் எடுத்து வருகிறேன் என்றேன். சரி, ஆனால் படம் கழுவி வரும் பொட்டலம் என் பெயருக்கு வர வேண்டும், நானே பிரிப்பேன் என்றார் அவர்.

அந்தக் காலத்தில் கலர் ஃபிலிம் தேடுவது வைரம் தேடுவது போல. என்னோடு தபால் பிரிக்கும் க்ளோட்டிடம் நல்ல காமிரா ஒன்று இருந்தது. உள்ளே கலர் ஃபிலிம் பாதியில் நின்றது. அவன் அக்கா மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விழாவை முப்பத்துமூன்று படமாக எடுத்துத் தள்ளியிருந்தான். மிச்சம் மூன்று. மூன்றையும் தருகிறேன், காமிராவை மட்டும் தனியாக விடமாட்டேன், நானும் வருவேன் என்றான்.

எங்களுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. தபால் நிலைய ஜன்னலிலிருந்து மலை தெரியும். தினமும் முத்திரை குத்துகிற இடைவெளியில் அண்ணாந்து பார்ப்பேன். உச்சிக்குக் கீழே செம்மண் பூசியது போல ஒரு கோடு இருந்தது. திங்கள் அது கை அகலம், புதன் மூன்று விரல், சனிக்கிழமை ஒரு நகக்கண். சிவப்பு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் க்யூர்பிப் கடிதங்களில் பாதியை மாப்பூருக்கு அனுப்பிவிட்டேன். இது கூட்டல் இல்லை.

புரட்டாசியின் கடைசி ஞாயிறு வானம் வெளுத்ததும் புறப்பட்டோம். கரும்புக் காட்டைத் தாண்டி மலைப்பாதையைப் பிடித்தபோது வெயில் இருந்தது. பாதி ஏறுவதற்குள் தென்கிழக்குக் காற்று மூடுபனியைத் தள்ளிக்கொண்டு வந்தது. முன்னால் போன க்ளோட்டின் முதுகு மறைந்து, அவன் திட்டுவது மட்டும் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கேரோல் புயல் சாய்த்த மரங்கள் பாதையில் குறுக்கே கிடந்தன. அவற்றின் அடியில் தவழ்ந்து போனோம்.

உச்சிச் சரிவில் பனி ஒரு நிமிடம் விலகியது. நாற்பது மரங்களும் அங்கேயே இருந்தன. எல்லாம் பச்சை.

நான் அந்த ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ராமசந்திரன் பட்டு வேட்டியோடு தட்டை வாங்குவது என் கண்முன் தெரிந்தது. கொட்டாவி விட்டபடி ருக்மணி தெரிந்தாள்.

“அதோ” என்றான் க்ளோட்.

பாறை விளிம்பைத் தாண்டி, சரிவின் நிழலுக்குள், பின்தங்கிய ஒற்றை மரம். வெயில் படாத இடம் என்பதால் அதற்கு வேளை தாமதித்திருக்க வேண்டும். தலை முதல் கால் வரை சிவப்பு. க்ளோட் காமிராவை எடுத்து, அவசரமாகக் கண்ணில் வைத்து, அமுக்கினான். பிறகு காமிராவைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. லென்ஸின் மூடி மூடியே இருந்தது.

“மோ ஃப்ரேர்” என்றான், மன்னிப்பு கேட்கும் குரலில். என் சகோதரனே என்று அர்த்தம். அந்த நேரத்தில் எனக்குச் சகோதரன் வேண்டியிருக்கவில்லை.

மூடியைக் கழற்றிக் காமிராவை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குள் பனி மூடிவிட்டது. காத்திருந்தோம். லேசாக விலகியது போலத் தோன்றியதும் இரண்டாவதை எடுத்தேன். அமுக்குகிற நொடியில் வெள்ளைச் சுவர் ஒன்று மரத்துக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றது.

மிச்சம் ஒன்று.

நின்ற இடத்திலிருந்து மரம் ரொம்பத் தூரம். விளிம்பில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஒரு கால் வைத்தால் கிளைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். க்ளோட் வேண்டாம் என்றான். என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள் என்றேன். பிடித்தான். கீழே எவ்வளவு ஆழம் என்று பனியில் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

ஒரு கால் கல்லில், ஒரு கால் மண்ணில், காமிரா கண்ணில். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னைக் கேட்டால் மூன்று நாள் என்பேன். க்ளோட்டைக் கேட்டால் கால் மணி என்பான். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. பனிக்குள் இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. துணி போல மெல்லிய சத்தம்.

பிறகு பனி திறந்தது. சிவப்பு மொத்தமும் முகத்தின் மேல் வந்து விழுந்தது. கல் நழுவியது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பட்டை வயிற்றை அறுத்தது. ஒரு வேர் கையில் சிக்கியது. வலது கால் செருப்பு காற்றில் போனது. அது கீழே விழுந்த சத்தம் வரவே இல்லை. க்ளோட் என்னை மேலே இழுத்துப் போட்டு, முதலில் காமிராவைத் தடவிப் பார்த்தான், பிறகு என்னை.

“எடுத்தியா?”

எனக்குத் தெரியவில்லை. பொத்தான் அமுங்கியிருந்தது, எதையோ எடுத்திருந்தேன். விழுவதற்கு முன் அமுக்கினேனா, விழும்போது அமுக்கினேனா, அதில் இருப்பது மரமா, வானமா, என் மூக்கா? ஒற்றைச் செருப்போடு மோகாவுக்கு நடந்தேன்.

ஃபிலிமை விமானத் தபாலில் இங்கிலாந்துக்கு அனுப்பினோம். ஐந்து வாரம். தினமும் வெளிநாட்டுப் பை அவிழும்போது முதல் ஆளாகக் கை விட்டேன். கார்த்திகை பிறந்தது. முதல் வெள்ளியும் வந்தது. அன்று காலைப் பையில், கடைசியிலிருந்து இரண்டாவதாக, ஐயாசாமி பெயரில் ஒரு மஞ்சள் பொட்டலம்.

அதை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். குலுக்கினேன். ஓரத்தில் நகம் வைத்தேன். தபால்காரன் பிறர் பொட்டலத்தைப் பிரித்தால் வேலை போகும். அதைவிட, ஐயாசாமி ஒட்டுப் பசையைக்கூட விசாரிப்பார். நகத்தை எடுத்துவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் வெற்றிலைத் தட்டுகள் தயாராக இருந்தன. பிற்பகல் ராமசந்திரன் வீட்டார் வருகிறார்கள். ஐயாசாமி ஒட்டிய இடத்தை உற்றுப் பார்த்து, திருப்திப்பட்டு, கத்தரியால் பிரித்தார். முப்பத்தாறு ஸ்லைடுகள், வரிசை கலைந்து. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை உடுப்புச் சிறுமி. வெள்ளை உடுப்புச் சிறுமி. கேக். வெள்ளை உடுப்புச் சிறுமி. முழுக் கறுப்பு ஒன்று. “இது ராத்திரியா?” என்றார். சிறுமி, பாதிரியார், முழு வெள்ளை ஒன்று. “இது?” பனி என்றேன். மீண்டும் சிறுமி. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ருக்மணி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.

முப்பத்தோராவதை அவர் தூக்கினார். கையை இறக்கவில்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மேசையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். “செருப்பு தெரியுது” என்றார்.

மரம் சாய்ந்திருந்தது, மலை சாய்ந்திருந்தது, நடுவில் என் செருப்பு பறந்துகொண்டிருந்தது. ஆனால் மூலைக்கு மூலை சிவப்பு. காலண்டர் அதன் பக்கத்தில் வெளிறிப்போனது. நான் மூச்சு விட்டேன்.

அவர் விடவில்லை. பூதக்கண்ணாடியை இன்னும் அருகே கொண்டுபோனார். பிறகு என் வாக்குமூலத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். இலைகள் உதிர்வதற்கு முன் சிவக்கின்றன.

“இந்த இலை உதிரப்போற இலை இல்ல. துவண்டு தொங்குது பார், மாந்துளிர் மாதிரி. இது இப்பத்தான் பிறந்திருக்கு. அக்டோபர் பிரான்சுக்குத்தான் இலையுதிர்காலம். நாம பூமியோட தென்பாதி, நமக்கு வசந்தம்.” காகிதத்தை மேசையில் வைத்தார். “நீ சொன்னது பொய்.”

பள்ளியில் பிரெஞ்சுப் புத்தகத்தைப் படித்தே வளர்ந்தவன் நான். அக்டோபரில் சிவந்தால் சாகும் இலை என்றே இருபது வருடம் நம்பியிருந்தேன். பச்சையாக மாறிப்போன நாற்பது மரங்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. ஒரு இலைகூடத் தரையில் கிடக்கவில்லையே, அதையாவது நான் பார்த்திருக்க வேண்டாமா? முதல் தடவையாக எதையும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. “எனக்குத் தெரியாது” என்றேன். “பாத்ததைச் சொன்னேன். அது துளிர்னு தெரியாது.”

ருக்மணி வந்து அப்பாவின் கையிலிருந்த ஸ்லைடை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிவப்பு நிழல் அவள் கன்னத்தில் விழுந்தது.

“அப்பா, இவர் எதையும் பத்து மடங்காத்தானே சொல்வார்?”

“ஊருக்கே தெரியும்.”

“இதை மட்டும் குறைச்சுச் சொல்லியிருக்கார். சாகிற இலைன்னார், பிறக்கிற இலையாயிருக்கு. இந்தப் பொய்யோட நான் இருந்துக்குவேன்.”

ஐயாசாமி அவளையும் என் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிள் மிதிக்கிற அவசரத்தில் செருப்பு மாட்ட மறந்திருந்தேன். பிறகு பேனாவைத் திறந்து, வாக்குமூலத்தில் ‘உதிர்வதற்கு முன்’ என்பதை அடித்துவிட்டு ‘துளிர்க்கும்போது’ என்று எழுதி, என்னிடம் நீட்டினார்.

“திருத்தத்துக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடு.”

“போடறேன், மாமா” என்றேன்.

அவர் மறுப்பு சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டு தயாராக இருக்கிறது, உன் அம்மாவை உடனே அழைத்துவா, க்யூர்பிப்புக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்றார். தந்தியை நானே அடித்தேன். தபால் நிலையத்தில் அன்று தந்தி அடிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.