ஒன்பது மணிக்குப் போகும் குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செங்கல்பட்டு வேதாசலம் நகரில் குடியிருந்த ரோகிணியின் குரல் அவளை விட்டு வேலைக்குப் போனது. மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. போகும்போது அவள் வாசலில் கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ரெண்டு கட்டு" என்று சொல்ல வந்ததில் "ரெண்டு" வரைக்கும்தான் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அழுகையின் நடுவிலேயே சத்தம் வந்து சேர்ந்துகொண்டது.

அது எங்கே போயிருந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் டாக்டர் கல்யாணி ஒரு சின்ன மருத்துவமனை நடத்திவந்தார். அங்கே காத்திருப்பவர்களைப் பெயரும் ஊரும் சொல்லி அழைக்க ரோகிணியின் கணவன் பரணிதரன் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். அலுவலகங்களுக்கு அப்படி எழுதித் தருவதுதான் அவன் தொழில். அதற்குக் குரல் கொடுத்தது ரோகிணி. பல நாட்கள் மாலையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். எந்தப் பெயரைத் தட்டச்சு செய்தாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று கூடி அவள் கூப்பிடுவது போலவே கேட்கும். ஆனால் அது திரையில் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். வரவேற்பில் இருந்த பெண் தெரியாமல் மூடிவிடுவாள். மின்சாரம் போய்வந்தால், யாராவது கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகிறவரைக்கும் கம்ப்யூட்டர் வெறுமனே காத்துக்கிடக்கும். அப்படிக் காத்துக்கிடந்த ஒரு நாளில், யாரும் கூப்பிடாததால் மூலையில் உட்கார்ந்திருந்த சர்க்கரை நோயாளி ஒருவர் நாற்காலியிலேயே நினைவிழந்தார். அவரைப் பிழைக்க வைத்த பிறகு டாக்டர் பரணிதரனைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார்.

வெட்கிப்போன பரணிதரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே இருந்து புரோகிராமைப் பின்னணியில் ஓடும் சர்வீஸாக மாற்றினான். இனி அதைத் திறக்க வேண்டாம், யாரும் கடவுச்சொல் தர வேண்டாம். அதற்குத் திரையில் இடமும் கிடையாது. ஞாயிறு தவிர்த்து எல்லா நாளும் ஒன்பது மணிக்குத் தானே தொடங்கும், ஆறு மணிக்குத் தானே ஓயும். நடுவில் என்ன காரணத்தால் நின்றாலும் உடனே தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். இந்தக் கடைசி ஏற்பாட்டில் அவனுக்கு ரொம்பப் பெருமை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இனிமே அதை யாராலும் நிறுத்த முடியாது" என்றான். மறுநாள்தான் அவள் குரல் போனது.

அவன் ஓடிப்போய் சர்வீஸை நிறுத்தினான், அது தொடங்கிக்கொண்டது. அழித்தான்; அதற்கு அப்புறமும் சுவரில் இருந்த ஸ்பீக்கர் அடுத்த நோயாளியை அழைத்தது. மின்கம்பியைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் அணைந்தது, ஸ்பீக்கரும் செத்தது. ஆனாலும் சுவரின் அந்த இடத்திலிருந்து ரோகிணி தெளிவாக, "சுப்புராமன், கருங்குழி" என்றாள். சுப்புராமன் என்பவர் எழுந்து உள்ளே போனார். பரணிதரன் கம்பியைத் திரும்பவும் செருகினான்; வரவேற்பில் வழக்கம்போலப் பெயர்களைத் தட்டச்சு செய்தார்கள். வேலூரிலும் சென்னையிலும் ரோகிணியின் தொண்டையைப் பார்த்த டாக்டர்கள் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பகலெல்லாம் அவள் உதடுகள் மட்டும் தன்னிச்சையாக அசைந்தன. மருத்துவமனையில் யாரைக் கூப்பிட்டாலும் வீட்டில் அவள் வாய் அந்தப் பெயருக்குத் தக்கபடி திறந்து மூடியது. என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. குழம்பில் உப்பு பார்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கப் பயந்து, வீட்டில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

இதற்கும் ஊர் பழகியிருக்கும். ஆனால் ஐப்பசியில், யாரும் தட்டச்சு செய்யாத ஒரு பெயரைக் குரல் சொன்னது. "தனகோடி, சதுரங்கப்பட்டினம்." அப்படி ஒருவரும் அங்கே இல்லை. அது மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தது. காத்திருந்தவர்களில் ஒருத்தி சதுரங்கப்பட்டினத்துக்காரி. ஊருக்குப் போய், கோட்டைக்குப் பின்னால் வலை உலர்த்திக்கொண்டிருந்த தனகோடியிடம் சொன்னாள். மறுநாள் அவன் கோபத்தோடு பஸ் ஏறி வந்தான்.

"நான் நல்லாத்தான் கீறேன். யாரு என் பேரைச் சொன்னது?" என்று கேட்டான்.

டாக்டர் கல்யாணி அவனை உட்கார வைத்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். உடனே சென்னைக்குப் போக வண்டி வரவழைத்தார். இதயக் குழாய் அடைத்திருந்ததாம். இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது என்றார்கள். தனகோடி பிழைத்து வந்து, ரோகிணியின் வீட்டு வாசலில் ஒரு கூடை வஞ்சிரத்தை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போனான். மார்கழியில் குரல் சிங்கப்பெருமாள் கோயில் ஊரைச் சேர்ந்த ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டது. அவர் சிரித்துவிட்டு வரவில்லை. பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு செங்கல்பட்டு பயத்தில் வாழ்ந்தது. நோய் இல்லாதவர்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்று, தங்கள் பெயர் வரவில்லை என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள். அந்தச் சாலையில் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் பெயர் வைக்காமல் பாப்பா, தம்பி என்றே கூப்பிட்டுத் தள்ளிப்போட்டார்கள். ரோகிணி தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் அவள் உதடு அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் வந்த வழியே திரும்பினார்கள். ஒரு மாலை யாரோ கல்லெறிந்து சமையலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். பரணிதரன் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்றான். குரல் திரும்பியிருந்த நேரம் அது. "எங்க போனாலும் ஒம்போது மணி வரும்ங்க" என்றாள்.

பக்கத்து மளிகைக்கடைத் திருவேங்கடம் மட்டும் நேராக வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி லதாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கையைக் கூப்பியபடி, "எங்க வூட்டுப் பேரை மட்டும் சொல்லிடாதம்மா" என்றார். மறுநாள் ஒன்பது மணிக்கு முன்னால் ரோகிணி ஈரத் துண்டை எடுத்து வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உதடு அசையாவிட்டால் பெயர் வராது என்று நினைத்தாள். மருத்துவமனையில் அன்றைக்குக் குரல், தலையணைக்கு அடியிலிருந்து பேசுவது போலக் கேட்டது. மற்றவர்களை டாக்டரே வெளியே வந்து கூப்பிட்டுக்கொண்டார். பகலில் ஒரு பெயரை மட்டும் அது திரும்பத் திரும்பச் சொன்னது. காத்திருந்தவர்கள் சுவரில் காதை வைத்துக் கேட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் லதாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. அறுவை செய்து பெண் குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். லதாவைக் காப்பாற்ற முடியவில்லை. முன்னமே யாராவது பார்த்திருந்தால் மாத்திரையிலேயே அடங்கியிருக்கும் என்று டாக்டர் கல்யாணி சொன்னது ரோகிணியின் காதுக்கும் வந்தது. அவள் சாப்பிடவில்லை, படுக்கவில்லை, கதவைத் தாழிட்டுக்கொண்டாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு திருவேங்கடம் வந்து கதவைத் தட்டினார். பரணிதரன் அடி விழும் என்று எதிர்பார்த்து முன்னால் போய் நின்றான். திருவேங்கடம் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"இனிமே வாயைக் கட்டாதம்மா" என்றார். "யாரு பேரா இருந்தாலும் சொல்லிடு."

அடுத்த நாளிலிருந்து ரோகிணி வீட்டில் இருக்கவில்லை. எட்டரை மணிக்குக் கிளம்பி மருத்துவமனைக்குப் போய், காத்திருக்கும் நாற்காலிகளில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். குரல் சுவரிலிருந்தும் அசைவு அவள் வாயிலிருந்தும் வந்தன. யாரும் தட்டச்சு செய்யாத பெயர் வந்தால் உடனே எழுந்து போய் அவர்களைத் தேடிக் கூட்டிவந்தாள். பேச முடியாததால் கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்தாள். கருங்குழிக்கும் போனாள், கடற்கரைக் குப்பங்களுக்கும் போனாள். முதலில் பயந்து ஓடினவர்கள் பிறகு அவளைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு பங்குனியில் ஒரு புதன்கிழமை, அவள் உதடு பழக்கமில்லாத விதத்தில் குவிந்து விரிந்தது. சுவர், "பரணிதரன், வேதாசலம் நகர்" என்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் பெயரை ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அதை முதல் தடவையாக, அவ்வளவு பேர் நடுவில், தன் குரலிலேயே கேட்டு அவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். குரல் இரண்டாம் முறை கூப்பிட்டது. வரவேற்புப் பெண் போன் செய்ய, பரணிதரன் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தான். முகம் வெளிறியிருந்தது. காலையிலிருந்து நன்றாகத்தான் இருப்பதாக எல்லோரிடமும் சொன்னான். அப்போது குரல் மூன்றாவது முறை அழைத்தது. ரோகிணி அவன் கையைப் பிடித்தாள். வரிசையில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

வயிற்றில் ஒரு கட்டி. ஆரம்ப நிலையில் இருந்ததால் சென்னையில் அறுத்து எடுத்தார்கள். இளைத்துப்போய், இரண்டு மாதத்தில் திரும்பவும் வேலைக்குப் போனான்.

அடுத்த ஆண்டு டாக்டர் கல்யாணி ஓய்வு பெற, மருத்துவமனையை மதுராந்தகத்திலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் தூக்கிப் போட்டுவிட்டு சுவருக்கு வெள்ளையடித்தார். முதல் நாள் வெள்ளைச் சுவர் பெயர் சொல்லி அழைத்தபோது அவர் இது யார் என்று கேட்டார். நாற்காலியில் இருந்த ரோகிணியைக் காட்டினார்கள். அவர் சற்று நேரம் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுமா என்று விசாரித்தார். ஞாயிறு லீவு என்றார்கள். "சரி" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து நின்ற நோயாளியை உட்காரச் சொன்னார்.